கால்பந்தும் கல்வியும்
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

    

கல்விச் சங்கத்தின் விழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதற்குச் சான்றாக ஒரு வீராங்கனையை எடுத்துக்கொள்கிறோம்.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் 1994-இல் பிறந்தவர். இந்திய மகளிர் அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர். 2018-இல் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அவ்வணியில் அவர் இருந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தியா வங்காளதேசத்தை 4-0 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் இந்துமதி அடித்தவை. கோப்பையும் இந்தியாவுக்கே கிட்டியது. அதே ஆண்டில் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோதும் அவர் அதில் ஆடினார்.

இவையெல்லாம் ஆடுகளத்துப் புகழ். நாம் வலியுறுத்த விரும்புவது மற்றொன்று. அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றவர்; 2020 ஊரடங்கின்போது சென்னையில் சீருடையுடன் கடமையாற்றியவர். அப்பதவிக்கான தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆயினும் பட்டப்படிப்பு இல்லாதவர் விண்ணப்பிக்கவே இயலாது. பந்து மட்டும் போதாது, புத்தகமும் வேண்டும்.

பெண்களைக் களத்தினின்று விலக்கியது நம் நாடு மட்டுமன்று. இங்கிலாந்தில் 1920-இல் மகளிர் ஆட்டமொன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு அணிகளின் களங்களை அவர்களுக்கு மறுத்தது. அத்தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. பொதுக்கிணறும் பள்ளி வாயிலும் மறுக்கப்பட்ட மக்களாகிய நமக்கு இத்தகைய தடையின் இயல்பை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அதே தடையை நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாமே விதிக்கலாமா? இச்சேர்வராயன் மலையில் சமதரை அரிது. காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் பந்து உருண்டோடினால் சரிவில் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும். அச்சரிவிலே விறகும் நீரும் சுமந்து ஏறும் நம் சிறுமியரின் கால்களில் வலிமைக்குக் குறைவில்லை. ஆயினும் பருவமெய்தியவுடன் ஆட்டத்தை நிறுத்துகிறோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், சேலத்துக் கல்லூரிக்கு அனுப்ப அஞ்சிப் படிப்பையும் நிறுத்துகிறோம்.

ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்கள். வாரத்தில் இருநாள் மாலை, தாய்மார் உடனிருக்க, சிறுமியர்க்குப் பந்தாட்டப் பயிற்சி அளிக்க வேண்டும். கல்லூரிக்குச் செல்லும் பெண்களின் பேருந்துச் செலவையும் விடுதிச் செலவையும் இருபத்தாறாம் ஆண்டு முதல் சங்கம் ஏற்க வேண்டும்.

எல்லாரும் இந்திய அணியில் இடம்பெற இயலாது. ஆனால் ஆடிய உடலும் படித்த அறிவும் உடைய பெண், எந்த அலுவலகத்திலும் தலைகுனிந்து நிற்கமாட்டாள். அப்படிப்பட்ட மகளிரை இம்மலை காண வேண்டும்.