குடிநீர்க் குழாயின் கதவு

புதுவை நகரின் நடுவே, பாரதி பூங்காவில், வெண்ணிற மண்டபம் ஒன்று நிற்கின்றது. ஆயி மண்டபம் என்பது அதன் பெயர். தண்ணீருக்காக எழுப்பப்பட்ட மண்டபம் அது என்பதை அறிந்தோர் சிலரே. மன்னன் ஆணைப்படி தன் மாளிகையை இடித்து, அவ்விடத்தில் ஊருக்குக் குளம் அமைத்துத் தந்தாள் ஆயி என்னும் கணிகை என்பது மக்கள் வழங்கும் கதை. கதை நிற்க, வரலாறு கூறுவது இது: 19-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், லாமைரெஸ் என்னும் பொறியாளர் முத்திரைப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாகவே இம்மண்டபம் எழுந்தது.

நீரைக் கொண்டுவருவது ஒரு கலை. கொண்டுவந்த நீரை வேண்டும்போது விடுவதும் வேண்டாதபோது நிறுத்துவதும் மற்றொரு கலை. முதற் கலைக்கு மண்டபம் கட்டுகின்றோம். இரண்டாவது கலையோ தெருவோரத்துக் குழிக்குள் மூடிக் கிடக்கின்றது. அக்குழிக்குள் இருக்கும் வால்வைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

வால்வுகள் பலவகை. நீரேற்று நிலையங்களிலும் ஆலைகளிலும் பெரிய குழாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பட்டாம்பூச்சி வால்வு. குழாயின் குறுக்கே ஒரு வட்டத் தகடு. அதன் நடுவே ஒரு தண்டு. சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம். தண்டைக் கால் வட்டம் திருப்பினால் தகடு நீரோட்டத்திற்கு இணையாக நிற்கும், வழி திறக்கும். மீண்டும் திருப்பினால் தகட்டின் விளிம்பு ரப்பரில் அழுந்தும்; வழி அடையும். தண்டின் இருபுறமும் தகடு சிறகுபோல் விரிந்திருப்பதால் இப்பெயர் வந்தது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் இத்தகைய தகட்டைப் பயன்படுத்தினார்.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில், 20 மீட்டர் உயரத் தொட்டியின் நீர் அழுத்தும்போது, மூடிய தகட்டின்மேல் ஏறக்குறைய 1,400 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை விழுகின்றது. எனினும் அதனை ஒருவர் திருப்ப முடிகின்றது. ஏன்? தண்டின் ஒரு பக்கத்தை அழுத்தும் நீரே மறு பக்கத்தையும் அழுத்துகின்றது. இரண்டும் தராசுத் தட்டுகள்போல் பெரிதும் சமனாகிவிடுகின்றன.

இத்தகைய வால்வில் மூன்று இடங்களில் கசிவு தோன்றும். முதலாவது, தகடும் ரப்பரும் சேரும் இடம். இக்கசிவு வெளியே தெரியாது. மூடிய பின்னும் நீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின்மேல் வைத்து, மறு முனையைக் காதோடு சேர்த்துக் கேட்டால், சீறல் ஒலி காட்டிக்கொடுக்கும். மணலோ துருவோ இடையில் சிக்கியிருக்கலாம். இரண்டு மூன்று முறை மெல்லத் திறந்து மூடினால் ஓடும் நீரே அதனைக் கழுவிவிடும். அதற்கும் நிற்கவில்லையெனில், தகட்டை நிறுத்தும் திருகு சரியான இடத்தில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுவதே வழி. கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி முரட்டுத்தனமாக முறுக்குவது, நோயாளியை அடித்துக் குணப்படுத்த முயல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தண்டு வெளியே வரும் இடம். அங்கே பாக்கிங் எனப்படும் திரிக் கயிறு இருக்குமாயின், அதனை அழுத்தும் இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் தண்டே திரும்பாது. திரி நைந்துபோயிருந்தால் புதியது இடவேண்டும். ஒரு சுற்றின் மூட்டு மற்றொரு சுற்றின் மூட்டுக்கு நேரே வரலாகாது.

மூன்றாவது, வால்வும் குழாயும் சேரும் பிளாஞ்சு. அதன் போல்ட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராகப் படிப்படியாக முடுக்குதல் வேண்டும். எதைக் கழற்றுவதாயினும், இருபுறமும் நீரை நிறுத்தி, அழுத்தத்தை வடித்த பின்னரே கை வைத்தல் வேண்டும். இது உயிர் காக்கும் விதி.

மற்றொரு விதியும் உண்டு. கால் வட்டத்தில் மூடிவிடுகின்றதே என்று படீரென்று மூடலாகாது. ஓடும் நீர் திடீரென நின்றால் அதன் வேகம் அழுத்தமாக மாறிக் குழாயை அறையும். 1897-ஆம் ஆண்டளவில் மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் ஷுக்கோவ்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் இதனைச் சோதித்து விதி கண்டார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் நீரை இரும்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால், ஏறக்குறைய 100 மீட்டர் உயர நீருக்குச் சமமான அழுத்தம் எழக்கூடும். இன்று மூடிய அவசரம் நாளைய கசிவாகும்.

சிறு கசிவால் என்ன கேடு என்று கேட்கலாம். 20 மீட்டர் நீரழுத்தமுள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று, ஒரு நாளில் ஏறக்குறைய 7,000 லிட்டர் நீரை வெளியேற்றும். நகரத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கிடுகின்றனர். ஆகவே, சுண்டு விரலும் நுழையாத அத்துளை ஐம்பது பேரின் பங்கைக் குடித்துவிடுகின்றது.

அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. குழாயில் நீர் ஓடும்போது துளை வழியாக நல்ல நீர் வெளியே போகின்றது. நீரை நிறுத்திக் குழாய் வெறுமையாகும்போது, அதே துளை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வருகின்றது. வெளியே போனது நீர் என்றால், உள்ளே வருவது நோய்.

புதுவைக்கு இன்னும் ஒரு கவலை. நாம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர், பக்கத்திலோ கடல். வீணாகும் நீருக்கு ஈடாக மேலும் இறைக்க வேண்டும். இறைக்க இறைக்க நன்னீர் தாழும். அதன் இடத்தைப் பிடிக்க உப்பு நீர் நிலத்தடியில் மெல்ல நுழையும். நுழைந்த உப்பை வெளியேற்றுவது எளிதன்று.

ஆகவே, வால்வைக் கெட்ட பின் பழுது பார்ப்பதைவிடக் கெடாமல் காப்பதே அறிவு. ஆண்டிற்குச் சில முறையேனும் முழுதும் திறந்து மூடிப் பார்த்தல், பல்சக்கரப் பெட்டிக்கு மசகு இடுதல், குழியில் தேங்கிய நீரை இறைத்தல் ஆகியவை போதும். ஆண்டுக்கணக்கில் அசையாத வால்வு, குழாய் உடைந்த நாளில் அசைய மறுக்கும்.

மாணவச் செல்வங்களே! ஊருக்கு நீர் தர ஆயி தன் மாளிகையையே இடித்தாள் என்கின்றது கதை. அத்தகைய தியாகம் நம்மிடம் கேட்கப்படவில்லை. தெருவில் நீர் ஒழுகக் கண்டால் கடந்து போகாமல் உரியவரிடம் சொல்லுங்கள்; பொறியியல் பயில்வோராயின், கையில் ஸ்பானர் பிடிக்க நாணாதீர்கள். ஒரு வால்வைச் சரியாக மூடியவன் ஒரு குளத்தைக் காத்தவன் ஆவான்.