பெயர் மட்டும் போதாது



நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்றேன். உதவித்தொகைக்காக, 60-க்கு மேல் மதிப்பெண் வாங்கியவர்களை மாங்கோ டிபி-யில் தேடினோம். 91 வாங்கிய பெண்ணின் பெயர் வரவில்லை! மற்றவர்களுக்கு மதிப்பெண் எண்ணாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஸ்ட்ரிங்காக. கண்ணுக்கு இரண்டும் 91 தான். ஆனால் எண்ணை வைத்துத் தேடினால் மாங்கோ டிபி ஸ்ட்ரிங்கைச் சேர்த்துக்கொள்ளாது. பிழைச் செய்தியும் வராது.

தப்பு எங்களுடையதுதான். எஸ்கியூஎல் அட்டவணையில் பெரும்பாலும் ஒவ்வொரு பத்திக்கும் வகை சொல்லியாகணும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் மங்கூஸ் போன்ற மேப்பர்கள். மாடல் எழுதும்போதே ‘மதிப்பெண்: நம்பர், கட்டாயம் வேண்டும், 0 முதல் 100 வரை’ என்று அறிவித்துவிடுங்கள். ஸ்ட்ரிங்காக வரும் 91-ஐ அது எண்ணாக்கிச் சேமிக்கும். ‘ஆப்சென்ட்’ என்று வந்தால் ஏற்காது.

ஒன்று மறந்துடாதீங்க. இந்தக் காவல் வாசலில் மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே போனதை அது திருத்தாது. நாம்தான் தேடித் திருத்தணும். நாங்கள் திருத்தினோம், அந்தப் பெண்ணுக்குப் பணமும் கிடைத்தது, ஒரு பருவம் தாமதமாக. ஒரு வரி முன்பே எழுதியிருந்தால் அந்தக் காத்திருப்பே வேண்டாம்.