கோங்க் முதல் காவோர் வரை: பிரான்ஸின் பள்ளத்தாக்குகளில் ஒரு நடை

(நம் சமூகக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகிறவர்கள் நம் குடியிருப்பில் வருடத்துக்கு நாலைந்து குடும்பமாவது இருக்கிறார்கள். பிரான்ஸ் என்றால் ஈபிள் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், ஆற்றில் படகு. மூன்று நாளில் முடிந்துவிடும். மீதி நாட்களில் பிள்ளைகள் ஆபீஸ் போய்விட, நாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். உங்களில் பாதிப் பேர் தினமும் காலையில் நம் வளாகத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிறவர்கள். அந்தக் கால்களை நம்பி எட்டு ஒன்பது நாள் ஒதுக்கினால் பார்க்கக்கூடிய வேறொரு பிரான்ஸைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இடம், தென்மேற்கில் துலூஸ் நகரத்துக்கு வடக்கே. லாட் என்று ஓர் ஆறு மேற்கு நோக்கி வளைந்து வளைந்து ஓடுகிறது. அதில் வந்து சேரும் சிற்றாறுகளில் ஒன்று தூர்தூ, இன்னொன்று செலே. தூர்தூ பள்ளத்தாக்கின் சரிவில் கோங்க் என்ற சிற்றூர். அங்கிருந்து புறப்பட்டு ஃபிஜாக், பிறகு செலே ஆற்றங்கரை, பிறகு லாட் ஆற்றின் மேல் குன்றில் இருக்கும் சான் சீர் லபோபி, கடைசியில் காவோர். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் உண்டு. மலையேற்றம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் முழங்கால் இறக்கத்தில்தான் பேசும், ஒரு ஜோடி ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி தவறிவிடாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மரத்திலும் பாறையிலும் வேலிக் கம்பத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டை தீட்டியிருப்பார்கள். அது ஜி.ஆர். எனப்படும் நெடுவழியின் அடையாளம். இரண்டும் பெருக்கல் குறியாகக் குறுக்கே தீட்டியிருந்தால், இந்தப் பக்கம் போகாதே என்று பொருள். மஞ்சள் பட்டை மட்டும் இருந்தால் உள்ளூர்க் குறுநடை. அவ்வளவுதான் பாடம், பேரன் பேத்திகள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

நாடு முழுக்க இப்படி அடையாளமிட்ட வழிகள் ஏறத்தாழ 1,80,000 கிலோமீட்டர் இருக்கின்றன. முதல் நெடுவழியின் முதல் துண்டுக்கு 1947-இல், போர் முடிந்த கையோடு, ஓர்லேயான் அருகே பட்டை தீட்டினார்கள். இன்றுவரை பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவர்கள் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஒருவர் பொறுப்பில் சில கிலோமீட்டர். பெயிண்ட் டப்பா, தூரிகை, முள்வெட்டும் கத்தரி; வருடம்தோறும் போய்ப் பார்த்து, மங்கிய பட்டையைப் புதுப்பித்து வருவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒரு சட்ட நுணுக்கம். இந்த வழிகளில் கணிசமானவை ஊராட்சிக்குச் சொந்தமான பழைய கிராமப் பாதைகள். அப்படிப்பட்ட பாதையை ஊராட்சி விற்க வேண்டுமானால், பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவது நின்றுபோயிருக்க வேண்டும். முறையான விசாரணை நடத்தி அதன் பிறகே விற்கலாம். அதாவது யாரும் நடக்காத பாதை ஒருநாள் பக்கத்து வயலோடு வயலாகிவிடும். 1983-இல் வந்த சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகங்கள் நடைவழிகளுக்குப் பட்டியல் தயாரிக்கின்றன. அந்தப் பட்டியலில் ஏறிய கிராமப் பாதையை விற்றால், மாற்று வழி கொடுத்தாக வேண்டும். ஆகவே பட்டை தீட்டுபவர் செய்யும் வேலையில் பாதி, நாம் நடப்பது மீதிப் பாதி. பொது இடம் என்று நாம் சும்மா விட்டுவைத்தவை என்னென்ன ஆயின என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான் பெயர் சொல்லவில்லை.

இனி ஊர்களுக்கு வருவோம். கோங்க், பலகைக் கல் வேய்ந்த கூரைகளும் ஒடுங்கிய சந்துகளுமான ஊர். நடுவில் சான்த் ஃபுவா மடாலயக் கோயில், பெரும்பகுதி 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது. ஃபுவா என்பவள் மதத்துக்காக உயிர் கொடுத்த சிறுமி. அவளுடைய எலும்புகள் முதலில் ஆஜான் என்ற ஊரில் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் கோங்க் துறவி ஒருவர் அங்கே போய், ஆண்டுக்கணக்கில் தங்கி நம்பிக்கை பெற்று, ஒருநாள் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது மரபு. திருட்டு என்று சொல்லவில்லை, இடமாற்றம் என்று எழுதி வைத்தார்கள். யாத்திரிகர்கள் வந்தார்கள், ஊர் செழித்தது.

கோயில் வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பு நாள் சிற்பம். 124 உருவங்கள். ஒரு பக்கம் அமைதியான சொர்க்கம், மறு பக்கம் அமளியான நரகம். பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கிலிடப்பட்ட கருமி இருக்கிறான். நரகப் பக்கம்தான் சுவாரசியம், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வளைவின் விளிம்பில், கல்லைச் சுருட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்களைத் தேடுங்கள். உள்ளே போனால் 104 சாளரங்கள், ஒன்றிலும் வண்ணமோ உருவமோ கிடையாது. பக்கத்து ரோடேஸில் பிறந்த ஓவியர் பியேர் சுலாஜ் வடிவமைத்து 1994-இல் முடிந்த வேலை. பழைய கோயிலில் புதிய கண்ணாடியா என்று எதிர்ப்பு இருந்தது. மாலை வெயில் சாயும்போது அந்த வெள்ளைக் கண்ணாடி நிறம் மாறுவதைப் பார்த்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

கோங்க்கிலிருந்து புறப்படும் ஏற்றம் கடுமை. மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் ஒரு சிறு வழிபாட்டுக்கூடம். நடப்பவர்கள் அங்கே மணியை அடிப்பார்கள். பள்ளத்தாக்கின் மறுபுறம் ஊருக்குக் கேட்கும்.

ஃபிஜாக் நகரம், எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் பிறந்த ஊர். எழுத்துகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அரை நாள் தாராளமாகக் கொடுங்கள்.

அதன் பிறகு செலே பள்ளத்தாக்கு. என்னைக் கேட்டால் இந்த நடையின் உயிர் இங்கேதான். நேர்வழி மேட்டு நிலம் வழியாகக் காவோருக்குப் போய்விடும். அதை விட்டு ஜி.ஆர். 651 என்ற கிளை வழியைப் பிடியுங்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், கீழே ஓக் காடும் வாதுமைத் தோப்பும். எஸ்பான்யாக், பாதி இடிந்த மடாலயம் நிற்கும் மார்சியாக் என்று சின்னச் சின்ன ஊர்கள். கடை இருக்கும் ஊர் குறைவு, ஆகவே மதியச் சாப்பாட்டை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்ரெரே ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922-இல் உள்ளூர்ச் சிறுவர்கள் இருவர் உள்ளே தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது. சுவரில் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் கை வைத்து ஊதிய அச்சுகள். வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். புகழ்பெற்ற லாஸ்கோ குகையை 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், அங்கே நகலைத்தான் பார்க்க முடியும். இங்கே அசலையே காட்டுகிறார்கள். மூச்சுக்காற்று ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் நாளுக்கு 700 பேருக்குத்தான் அனுமதி. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

செலே, லாட் ஆற்றோடு சேரும் இடத்தில் பூசியே என்ற ஊர். அங்கிருந்து ஆற்றோரம் பாறையைக் குடைந்த ஒரு பாதை போகிறது; 19-ஆம் நூற்றாண்டில், சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் செல்வதற்காக வெட்டியது. தலைக்கு மேலே பாறை, காலடியில் ஆறு. அதன் முடிவில் ஏறினால் சான் சீர் லபோபி.

சில நடைமுறை விஷயங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை நல்லது. செப்டம்பரும் சரி, ஆனால் வேட்டைக் காலம் தொடங்கும், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். கோங்க்குக்கு ரயில் கிடையாது, ரோடேஸ் வரை ரயிலில் போய் டாக்சி பிடிக்க வேண்டும். நடப்பவர்களுக்கான விடுதிகளில் படுக்கை, இரவு உணவு, காலை உணவு சேர்த்துக் கிடைக்கும். பையை அடுத்த விடுதியில் வேனில் சேர்ப்பிக்கவும் ஆள் உண்டு. சைவக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், மீன் சாப்பிடுவீர்களா என்று திரும்பக் கேட்பார்கள், அதற்கும் இல்லை என்று சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கையும் சீஸையும் களி மாதிரி இழுத்துக் கிண்டும் ஆலிகோ இருக்கிறது, பசிக்குத் தாங்கும். குடிதண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். நம்மவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் குழாய் இருக்கும் இடம் அதுதான். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் கால்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வழி தனியார் நிலத்தின் ஊடே போகும் இடங்களில் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். உரிமையாளர் மனம் மாறினால் அந்த வழி அடுத்த வருடம் இருக்காது.

காவோரில் நடை முடியும் இடம் வலான்ட்ரே பாலம். 1308-இல் தொடங்கி 70 ஆண்டு கட்டினார்கள். தாமதம் தாங்காமல் கட்டுநர் பிசாசோடு ஒப்பந்தம் போட்டாராம்: சொன்ன வேலையெல்லாம் செய்தால் ஆன்மா உனக்கு. பாலம் முடியும் தறுவாயில், கொத்தனார்களுக்குச் சல்லடையில் தண்ணீர் கொண்டு வா என்றாராம். தோற்ற பிசாசு ஆத்திரத்தில் நடுக்கோபுரத்து மூலைக் கல்லை இரவுதோறும் பிடுங்கிப் போட்டதாம். 1879-இல் பாலத்தைப் பழுது பார்த்தவர், அந்த மூலையில் கல்லைப் பிடுங்க முயலும் குட்டிப் பிசாசு ஒன்றைச் செதுக்கி வைத்துவிட்டார்.

விளக்கை அணைத்தால் படங்களைப் போடலாம். குழந்தைகள் முன்னால் வந்து உட்காருங்கள். அந்தப் பிசாசு ரொம்பச் சின்னது, பின்னால் இருந்தால் தெரியாது.