நந்தனத்துப் பிள்ளைங்க கேட்ட கேள்வி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி பேசிப் பழக்கமில்லை. எழுதி வச்சுப் படிக்கிறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

போன வருஷம் சென்னை நந்தனத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு எங்க குழுவைக் கூப்பிட்டாங்க. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைங்களுக்கு மஞ்சப்பை தைக்கவும், மக்கும் குப்பையில உரம் தயாரிக்கவும் சொல்லிக் கொடுக்கணும். அங்கே தேசிய பசுமைப் படையைப் பார்த்துக்கிற டீச்சர், "படம் வரைஞ்சு கோஷம் எழுதினது போதும்மா, பிள்ளைங்க கையால ஏதாவது செய்யட்டும்" என்று சொன்னாங்க. மூணு பேர் கிளம்பினோம்.

பை தைக்கிறது சுலபமா முடிஞ்சது. பழைய பருத்திப் புடவையை வெட்டி, ஊசி நூலைக் கையில கொடுத்தோம். பசங்கதான் நேரா தைச்சாங்க, இதை வீட்டுல இருக்கிற என் பையனுக்கும் சொல்லியிருக்கேன்! 2019 ஜனவரி 1-லிருந்து நம்ம மாநிலத்துல 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்தது, எல்லாத்தையும் பிள்ளைங்க மனப்பாடமா சொல்றாங்க. ஆனா வீட்டுக்குள்ள ஒரு வாரத்துல எத்தனை கேரி பேக் வருதுன்னு கோடு போட்டு எண்ணச் சொன்னோம். ஒருத்தன் 31 கோடு போட்டுட்டு வந்தான். அவங்க அம்மாவே நம்பலையாம்.

உரத்துலதான் மாட்டிக்கிட்டோம். ஓட்டை போட்ட மண்தொட்டியில அடியில சருகு, மேலே காய்கறித் தோல், கொஞ்சம் புளிச்ச மோர், மறுபடி சருகுன்னு அடுக்கச் சொல்லிட்டு வந்தோம். மூணாவது வாரம் போனா நாத்தம் தாங்கலை. உள்ளே புழு நெளியுது. பக்கத்து வகுப்புல ஜன்னலைச் சாத்திட்டாங்க. பிள்ளைங்க தொட்டியைத் தூக்கிப் போடலாம்னு நிக்குறாங்க. எனக்கும் அவமானமாப் போச்சு. விசாரிச்சா, ஆசையில தினமும் சாப்பாட்டு மிச்சம், சாம்பார் எல்லாத்தையும் கொட்டியிருக்காங்க, சருகு போடலை. ஈரம் ஒரு பங்குன்னா சருகு ரெண்டு பங்கு வேணும், இல்லைன்னா காத்து போகாம அழுகிடும். அன்னைக்குக் கீழே கொட்டிக் கிளறி, மரத்தடியில சருகு அள்ளிட்டு வந்து கலந்தோம். முதல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு நின்ன பொண்ணுதான் கடைசியில வெறுங்கையால கிளறினா. அடுத்த வாரமே நாத்தம் போயிடுச்சு. ரெண்டு மாசத்துல கறுப்பா, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட உரம் வந்தது. முதல் தடவையே சரியா வந்திருந்தா இவ்வளவு கத்துக்கிட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

இப்போ நான் பேச வந்த விஷயத்துக்கு வர்றேன். நாம தாம்பரத்துல ரயில் ஏறினா, கிண்டி தாண்டி சைதாப்பேட்டைக்கு முன்னாடி அடையாறு வருமில்ல, அது நந்தனத்தை ஒட்டித்தான் போகுது. பிள்ளைங்க அதை ஆறுன்னே சொல்றதில்லை, கூவம்னுதான் சொல்றாங்க. நான், "அது கூவம் இல்லடா கண்ணுங்களா, அடையாறு. எங்க மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணிதான் கலங்கல் வழியா வழிஞ்சு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி உங்க ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகுது" என்று சொன்னேன். கரும்பலகையில கோடு போட்டும் காட்டினேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல ஒரு பொண்ணோட வீட்டுல கழுத்தளவு தண்ணியாம், அப்போ அவளுக்கு நாலு வயசு. அவதான் எழுந்து கேட்டா: "ஆன்ட்டி, உங்க ஊருல தண்ணி சுத்தமா இருக்குமா? பிளாஸ்டிக் எல்லாம் இங்கதான் சேருதா?"

என்னால பதில் சொல்ல முடியலை. நம்ம ஏரிக் கலங்கல் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். கேரி பேக், டீ கப், போன வருஷ திருவிழா அன்னதானத் தட்டு, எல்லாம் கருவேல முள்ளுல மாட்டிக்கிட்டு நிக்குது. மழை பெஞ்சு ஏரி நிரம்பினா அதெல்லாம் எங்க போகும்? அந்தப் பொண்ணு வீட்டுப் பக்கம்தான். நான் மஞ்சப்பை சொல்லிக் கொடுக்க ரயில் ஏறிப் போயிருக்கேன், என் ஊருக் கலங்கலை ஒரு நாளும் குனிஞ்சு பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைங்க 40 பேர் நம்ம ஏரியைப் பார்க்க வரணும்னு டீச்சர் கேட்டிருக்காங்க. ஆறு முடியற இடத்துல, அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துல, தொல்காப்பியப் பூங்கா இருக்கு. குப்பை கொட்டிக் கெட்டுப் போயிருந்த இடத்தைச் சரி பண்ணி, 2011-ல திறந்தாங்க. அதை நமக்குக் காட்டுறோம்னு பிள்ளைங்க சொல்றாங்க. நான் இன்னும் "வாங்க" என்று சொல்லலை. இந்த வேலையில வருமானம் கிடையாது, பஸ் காசுதான் கிடைக்கும்னு சில அக்காங்களுக்கு வருத்தம் இருக்கு. அது நியாயம்தான். ஆனா அவங்க வர்றதுக்கு முன்னாடி கலங்கலை நாம சுத்தம் பண்ணணும். ஒரு குழுவால முடியாது. குழுவுக்கு ரெண்டு பேர் வந்தா ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடலாம். ஊராட்சியில வண்டி கேட்டிருக்கேன். பிள்ளைங்க வர்ற அன்னைக்குச் சாப்பாடு வாழை இலையில, தண்ணி பானையில.

வர விருப்பமுள்ளவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க. அருவாளும் கோணிப்பையும் எடுத்துட்டு வரணும். பழைய புடவை இருந்தாலும் கொண்டு வாங்க, பருத்தியா இருக்கணும், பாலியஸ்டர் வேண்டாம்.