இடம் மாறட்டும், தீவனம் மாற வேண்டாம்



நம் சிவகங்கை மாவட்டத்தின் சொந்த மாடு, புலிக்குளம் மாடு. மஞ்சுவிரட்டில் பேர் வாங்கும் மாடு. இதற்கென்றே மானாமதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்த மாடுகள் கிடையில் வளர்பவை. பகலில் கூட்டமாக மேயும். இரவில் வயலில், திறந்தவெளியில் கிடை. அங்கிருந்து ஒரு கன்றை வாங்கி வந்து, காரைக்குடியில் வீட்டுத் தொழுவத்தில் தனியாகக் கட்டுகிறோம். அது மிரளும், கத்தும், சரியாகத் தின்னாது. ஊர் மாறிய முதல் நாள் நமக்கே தூக்கம் வருவதில்லையே!

உடனே பாசத்தில் தவிடும் புண்ணாக்கும் அள்ளி வைக்கிறோம். அங்கேதான் சிக்கல். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்க வைக்கின்றன. பழகாத தீவனம் திடீரென்று நிறையப் போனால் அவை தடுமாறும். வயிறு உப்பும், கழியும்.

ஆகவே இடம் மாறட்டும், தீவனம் உடனே மாற வேண்டாம். என்ன தின்று பழகியது என்று விற்பவரிடமே கேளுங்கள். முதல் சில நாள் அதையே கொடுங்கள். புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வீட்டில் வேறு மாடு இருந்தால், மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுங்கள். நோய் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

கன்று அசை போடவில்லையா? வயிறு உப்புகிறதா? காத்திருக்காதீர்கள். 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மறுபடியும் சொல்கிறேன். இடம் மாறட்டும், தீவனம் உடனே மாற வேண்டாம்.