நிறுத்தச் சொல்வதா? பங்கு கேட்பதா?

(அருப்புக்கோட்டையில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"குவாண்டம் கணினி ஆராய்ச்சிக்கு அரசு ஏன் கோடி கோடியாகக் கொட்டுகிறது? அதை நிறுத்திவிட்டுக் கண்மாயைத் தூர் வாரலாமே!" என்று கேட்கிறார்கள். குண்டாற்றில் தண்ணீர் வராதா என்று ஏங்கும் திருச்சுழி விவசாயி இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தேசிய குவாண்டம் திட்டத்திற்கு மத்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. 8 ஆண்டுகளுக்கு 6,003 கோடி ரூபாய். நாட்டு மக்கள் அனைவருக்கும் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குத் தலைக்கு ஐந்து ரூபாய் சொச்சம். ஒரு டீக்குக்கூடக் காணாது! இதை நிறுத்தினால் கண்மாய் நிறைந்துவிடுமா?

வியாபாரிகளே! உங்கள் கல்லாப்பெட்டி இன்று செல்போனுக்குள் இருக்கிறது. அதற்குப் பூட்டு எது? மிகப் பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்ற கணக்கை நம்பியே இணையப் பூட்டுகள் பல நிற்கின்றன. போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி அதை உடைத்துவிடும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அவ்வளவு வலுவான இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனாலும் அமெரிக்கா 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டுவிட்டது. நாம் ஆராய்ச்சியைக் கைவிட்டால் கடை நம்முடையது, சாவி அடுத்தவனுடையது என்றாகும்!

வரலாற்றில் பாடம் உண்டு. 1577-இல் இஸ்தான்பூலில் தகியுத்தீன் என்ற அறிஞருக்காக உஸ்மானிய அரசு வானாய்வு நிலையம் கட்டியது. 1580-இல் சுல்தானின் உத்தரவாலேயே அது இடிக்கப்பட்டது. அதே காலத்தில் டென்மார்க் மன்னர் தைக்கோ பிராகேவுக்குப் பொருள் கொடுத்தார். பிராகே எடுத்த அளவுகளைக் கொண்டுதான் கெப்ளர் கோள்களின் விதிகளைக் கண்டார். அறிவு யார் பக்கம் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நமக்குக் குறையே இல்லையா? உண்டு! திட்டத்தின் நான்கு மையங்களும் பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லியில் இருக்கின்றன. 2018-இல் மத்திய அரசு பின்தங்கியவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களில் நம் விருதுநகரும் ஒன்று. மானாவாரிக் காட்டுப் பிள்ளை அந்த வாசலுக்குப் போக வழி எங்கே?

கேட்க வேண்டியது அதைத்தான். பள்ளிதோறும் கணித ஆசிரியர், செயல்படும் ஆய்வுக்கூடம், கல்லூரியில் இயற்பியல் படிக்க உதவித்தொகை! சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள். கடைவீதிக்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பிள்ளையை, எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும், அறிவியல் படிக்க வையுங்கள். இளைஞர்களே, கணக்கைக் கண்டு ஓடாதீர்கள்!

கண்மாயும் வேண்டும், கணினியும் வேண்டும். இரண்டையும் உரிமையோடு கேட்போம்!