செஸிக்குத் தகடு போட்டால் பிரேக்கும் பலமாகுமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் பேசியது)



சம்பளப் பேச்சுக்கு நடுவில் லொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொழுந்து லொறிக்குப் பலகையை உயர்த்துகிறார்கள், பின்னால் தண்ணீர் டேங்கும் வைக்கிறார்கள். கேட்டால், "செஸிக்குத் தகடு வைத்து வெல்டிங் பண்ணியாச்சு, இன்னும் ஒரு தொன் தாங்கும்" என்கிறார்கள். அதை அப்படியே நம்பக் கூடாது.

பிள்ளைகளின் அழிறப்பரை எடுத்து வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுப்பகுதி சும்மா இருக்கும். வெளி ஓரத்தில் பிளேடால் சின்னக் கீறல் போட்டு வளைத்தால் அங்கேதான் பிளக்கும். லொறியின் இரண்டு நீளச் சட்டங்களும் அப்படித்தான். பாரத்தின் இழுப்பும் அழுத்தமும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் கூட. அந்த விளிம்பில் துளை போடுவதும் குறுக்கே வெல்டிங் பிடிப்பதும் கீறல் போடுகிற மாதிரி. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மையே மாறிவிடும். தகடு வைப்பதென்றால் லொறிக் கம்பனி சொல்கிற முறைப்படி வைக்க வேண்டும். பெரும்பாலும் சட்டத்தின் நடுப்பக்கத்தில் போல்ட் போட்டு, தகட்டின் நுனியைச் சரிவாக வெட்டி வைப்பார்கள். சதுரமாக வெட்டி நிறுத்தினால் அந்த இடத்திலேயே வெடிக்கும். எங்கள் பக்கத்து லொறியொன்றிலும் தகடு முடிகிற இடத்தில்தான் வெடிப்பு. சேற்றைக் கழுவும்போது டிரைவர் அண்ணன் கண்டபடியால் தப்பினோம்.

சரி, தகட்டை ஒழுங்காகவே வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பழைய பிரேக்தானே? எக்சல், ஸ்பிரிங், டயர் எல்லாம் பழையவைதானே? ஐந்து தொன்னாக இருந்த வண்டி ஆறு தொன்னாக வந்தால், அதே வேகத்தில் அதை நிறுத்த பிரேக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு வேலை கூடும். இறக்கத்தில் பிரேக் சூடேறினால் பிடி குறையும். பாரம் உயரத்தில் இருந்தால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் ஏறுகிறது. தராசில் நம் கணக்கில் தண்ணீருக்கென்று கிலோ கழிக்கத் தெரிகிறது, லொறிக்கு மட்டும் யாரும் கழிப்பதில்லை! இத்தனைக்கும் மேல் நம் பெண்கள் ஏறி உட்காருகிறார்கள்.

அடுத்த முறை துரையோடு பேசும்போது தலைவர்மார் கேளுங்கள்: இந்த லொறிக்கு அனுமதித்த மொத்த எடை எவ்வளவு? செய்த மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா? வாயால் சொன்னால் போதாது, கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர் "இதற்கு மேல் ஏற்ற முடியாது" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், அவர் எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி. கொழுந்து ஏற்றிய லொறியில் யாரும் ஏறுவதில்லை என்று எல்லாப் பிரிவிலும் இந்த மாதமே பேசி முடிவெடுங்கள். நடந்து வர நேரம் போகும் என்றால், அந்த நேரமும் வேலை நேரம்தான் என்று எழுதிக் கேட்போம்.